பதினாறு முதல் எண்பது வரை

அம்பாசமுத்திரத்தில் இசக்கியப்பன் என்று ஒருத்தன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கொம்பையா, பலவேசம் என்று கூட்டாளிகள் ரெண்டு பேர். மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதை யார் வைத்துக்கொள்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

மாமா நம்பிராசன் தன் மூத்த மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கச் சொன்னார். "படம் மட்டும் நல்லா வரட்டும் மாப்ளே, இளையவளை உனக்கே பேசிருவோம்." இளையவள் பெயர் செண்பகம். அவளை நினைத்து நினைத்தே இசக்கிக்கு ரெண்டு வருஷமாகச் சோறு இறங்கவில்லை.

புது மிரர்லெஸ் கேமரா இருந்தது, லென்ஸ்தான் இல்லை. திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனார்கள்.

"இந்தக் கேமராவுல சென்சார் சின்னது, படத்தோட ஓரத்தை வெட்டிரும். பதினாறுல ஆரம்பிக்கிற ஜூம்தான் தோதுப்படும்," என்றார் கடைக்காரர். "பதினாறு-ஐம்பது இருக்கு, பதினாறு-எண்பது இருக்கு. எண்பதை வாங்கினா தூரத்துல உள்ளதும் கிட்ட வந்துரும், நின்ன இடத்தை விட்டு நகரவே வேண்டாம்."

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"ஐம்பது வேண்டாம்லே," என்றான் கொம்பையா. "சம்பந்திக்கு வயசு அறுபத்தி மூணு. படத்துல விழமாட்டாரு."

"அப்போ எண்பது," என்றான் இசக்கி. "அதுக்கு மேல யாராச்சும் உண்டா?"

"பொண்ணோட தாத்தா. எண்பத்திரெண்டு."

பலவேசம் கண்ணை மூடி யோசித்தான். "கேமராகிட்ட எழுபத்தெட்டுன்னு சொல்லிருவோம்."

அடேயப்பா, என்ன அறிவு! எண்பதையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

கல்யாணத்தன்று, பதினாறு வயசு ஆகாத பிள்ளைகளையெல்லாம் பலவேசம் மேடையிலிருந்து இறக்கிவிட்டான். "உங்களை எடுத்தாலும் விழாது, போய்ச் சாப்பிடுங்க." கேமரா ஓரத்தை வெட்டுமாமே! ஓரத்தில் நின்றவர்களுக்குக் காயம்பட்டால் ஆகுமா? கொம்பையா பஞ்சும் டிஞ்சரும் கையுமாக நின்றான்.

இசக்கி மண்டபத்தின் நடுவில் நின்றான். நின்றவன் நின்றதுதான். கெட்டிமேளம் முழங்கியதும் சொந்தபந்தமெல்லாம் எழுந்து முன்னால் போய் மறைத்துக்கொண்டது.

"மாப்ளே, முன்னால வா!" என்று மாமா கத்தினார்.

"நகரக் கூடாது மாமா! பெரிய லென்ஸு!"

முந்நூறு படம் எடுத்தான். முந்நூறும் முதுகு.

பிரிண்ட் போட்டுப் பார்த்ததும் இசக்கி அழுதேவிட்டான். "போச்சுலே, செண்பகம் போச்சு!"

"ஏம்லே அழுத?" என்றான் பலவேசம். "இந்தப் பக்கம் முதுகுன்னா, முகம் எந்தப் பக்கம்? ஆல்பத்துல திருப்பி ஒட்டு."

மூன்று நாள் உட்கார்ந்து முந்நூறையும் குப்புற ஒட்டினார்கள்.

மாமா ஆல்பத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைவெளேர்.

"இதுல நான் எங்கே இருக்கேன்?" என்றார் மாமா.

கொம்பையா ஒரு வெள்ளையில் விரல் வைத்தான். "இந்தா, அத்தைக்குப் பக்கத்துல."

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"படத்தைக் குறை சொல்ல முடியாது மாப்ளே, செண்பகம் உனக்குத்தான்," என்றவர், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "ஏளா, இங்க வந்து பாரு! நான் இப்படி இளைச்சுத் துரும்பாப் போயிருக்கேன், ஒருத்தராச்சும் சொன்னீங்களா?"