பரோட்டா மாஸ்டரின் இடுப்பில் குடியேறிய வலி

ஓர் ஊரில் கமாலுதீன் என்று ஒரு பரோட்டா மாஸ்டர் இருந்தார். அவருடைய இடுப்பில் வலி ஒன்று குடிவந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த வலிக்கு வாய் ரொம்ப நீளம். மாவு பிசைய அவர் குனிந்தால் போதும், "ஐயையோ, வேணாம் மாஸ்டர்! ஒடஞ்சு போயிரும்!" என்று கத்தித் தீர்த்துவிடும்.

அந்தக் கத்தலுக்குப் பயந்து இடுப்பு அசைவதையே விட்டுவிட்டது. போதாததற்கு இடுப்பு வலிக்குக் கட்டும் பெல்ட் ஒன்று வேறு வந்து சேர்ந்தது. "நீ எதுக்குக் கஷ்டப்படுற? நான் தாங்கிக்கிறேன், தூங்கு" என்றது பெல்ட். இடுப்பும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

கடை முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? "ஒரு மாசம் லீவு எடுத்துக்கங்க. அப்பவும் நிக்க முடியலேன்னா வேற மாஸ்டரத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷமாக அவர் நின்று பரோட்டா சுட்ட கல் அது. கமாலுதீன் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் அருள்செல்வி அவரைச் சோதித்துப் பார்த்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்கச் சொன்னார். "காலையில அஞ்சு தடவை, சாயங்காலம் அஞ்சு தடவை. போகப் போகக் கூட்டிக்கலாம். தினமும் கொஞ்சம் நடக்கணும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா நீங்க! நாள் பூரா மாவைப் போட்டு அடிக்கிறேன். இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?"

"அடிக்கிறது உங்க கை. இடுப்பு குனிஞ்சபடியே மாட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்."

இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் உடம்பு லேசாகத் தோன்றியது. மாவு மூட்டை தூக்கிய ஆளுக்கு அஞ்சு ஒரு கணக்கா? ஒரே மூச்சில் ஐம்பது போட்டார். மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

வலிக்கு ஒரே கொண்டாட்டம். "நான் அப்பவே சொன்னேன்ல? இனிமே பேசாம படுங்க."

"என்னை இறுக்கிக் கட்டிட்டுப் படுங்க" என்றது பெல்ட்.

அப்போதுதான் இடுப்பு கண்ணைத் திறந்தது. "மாஸ்டர், ஒண்ணு கேக்குறேன். பிசைஞ்ச கையோட மாவ வீசுவீங்களா?"

"எவனாவது வீசுவானா? கிழிஞ்சுரும். எண்ணெய் தடவி ஊறப்போடணும்ல."

"சரி, ஊறட்டும்னு நாள்கணக்கா தொடாமலே வச்சா?"

"புளிச்சு நாறிப்போயிரும்."

"மாவுக்கு இவ்வளவு பக்குவம் பாக்குறீங்க. என்னை ரெண்டு வருஷம் அப்படியே போட்டு வச்சீங்க. நேத்து ஒரே நாள்ல கிழிச்சீங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

மாஸ்டருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடி பாயை விரித்தார். அஞ்சோடு நிறுத்தினார். வலி கத்தியது. "நீ கத்து, நான் செய்றேன்" என்றார். அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்த வாரம் பத்து. காலையில் தெருக்கோடி வரை நடந்தவர் பஸ் ஸ்டாண்டு வரை போனார். ஆசை வந்தாலும் அதற்கு மேல் கூட்டவில்லை, சோம்பல் வந்தாலும் விடவில்லை. பெல்ட் ஆணியில் தொங்கியது, அதைக் கூப்பிட ஆளில்லை.

மாசம் முடிந்த அன்று சாயங்காலம் கமாலுதீன் கல்லின் முன் போய் நின்றார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஊறிய மாவை மாஸ்டர் கையில் எடுத்தார்.

"நான் இன்னும் போகல, தெரியும்ல?" என்று வலி முனகியது.

"தெரியும்" என்றது இடுப்பு. "கொஞ்சம் ஓரமா நில்லு. மாஸ்டர் வீசப் போறாரு."