ஒன்பது மஞ்சள் கற்கள்

தாயம்மை தினமும் விடியும் நேரத்தில் குன்று ஏறுவார். அறுநூற்றுப் பன்னிரண்டு படிகள். வழியோரத்தில் முழ உயரத்துக்கு ஒன்பது கற்கள் நட்டிருக்கும். ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று தண்ணீர் தெளிப்பார். படியில் விரலி மஞ்சளை உரசி, அந்த விழுதைக் கல்லுக்குப் பூசிவிட்டுத்தான் மேலே நகர்வார்.

ஊர்க்காரர்களும் அந்தக் கற்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிள்ளைக்கு மொட்டை போட்டால் முதல் முடியை அங்கேதான் வைப்பார்கள்.

தாயம்மையிடம் சீடனாகச் சேர வந்த இசக்கியப்பனுக்கு வயது ஐம்பத்தேழு. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தீயணைப்பு வண்டியில் ஏணி ஏறிப் பழகிய உடம்பு.

"நாப்பத்தெட்டு நாள் விடாம ஏறுங்க ஐயா, சேத்துக்கிடுதேன். ஒரு நாள் விட்டாலும் வீட்டுக்குப் போயிரணும்" என்றார் தாயம்மை.

முதல் நாளே இசக்கியப்பன் ஓடினார். எந்தக் கல்லுக்கும் நிற்கவில்லை. குரு உச்சிக்கு வரும்போது அவருக்கு வியர்வை காய்ந்திருக்கும்.

முப்பதாம் நாள் முட்டி வலித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் குறையில்லை, ஓட்டத்தைக் குறையுங்கள் என்றார். மருந்துக் கடையில் மஞ்சள் தூள் அடைத்த மாத்திரை வாங்கி வேளைக்கு ஒன்றாக விழுங்கினார் இசக்கியப்பன். நாற்பதாம் நாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கி வந்தார்.

அன்று மாத்திரை டப்பாவைக் குருவின் முன் வைத்தார்.

"இன்னும் எட்டு நாள் இருக்கு அம்மா. இந்தக் கால் என்னை வீட்டுக்கு அனுப்பிரும் போல. இது கேக்குமா?"

தாயம்மை ஒரு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். முகர்ந்தார்.

"மஞ்சள்தான். மிளகும் இருக்கு. புளி மட்டும் இருந்தா ரசம் வச்சிரலாம்."

"விளையாடாதீங்க அம்மா. வலி கொஞ்சம் குறைஞ்ச மாதிரியும் இருக்கு, குறையாத மாதிரியும் இருக்கு. மஞ்சள் முட்டிக்குப் போகுதா, இல்ல நான்தான் அப்படி நினைச்சுக்கிடுதேனா?"

"எனக்குத் தெரியாது ஐயா."

இசக்கியப்பனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"நாளைக்கு என் பையை நீங்க தூக்குங்க" என்றார் குரு.

மறுநாள் பையில் ஒரு செம்புத் தண்ணீரும் விரலி மஞ்சளும் இருந்தன. முதல் கல்லில் இசக்கியப்பன் வேகமாக உரசினார். மஞ்சள் வழுக்கியதே தவிர விழுதாகவில்லை.

"தீ பிடிச்ச வீடா ஐயா இது? மெதுவா உரசுங்க."

மெதுவாக உரசினார். விழுது தன் நேரத்துக்குத்தான் வந்தது.

மூன்றாவது கல்லில், உரசிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். கீழே ஆறு வளைந்து கிடந்தது. வயலெல்லாம் பனி. அதற்குள் ஒரு கொக்கு எழுந்தது. நாற்பது நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது.

நாலாவது கல் தாண்டியதும் வலது முட்டி பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டார். வெட்கமாக இருந்தது. பின்னால் வந்த குருவும் நின்றார். வலி அடங்கியதும் இருவரும் ஏறினார்கள்.

ஒன்பதாவது கல்லுக்குப் பூசும்போது சூரியன் வந்தது. ஈர மஞ்சள் மீது வெளிச்சம் பட்டு, கல்லுக்குள் யாரோ விளக்கு ஏற்றியது போல இருந்தது. இசக்கியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னையறியாமல் கும்பிட்டார்.

உச்சிக்குப் போனதும் திரும்பிப் பார்த்தார். பாறையும் புதருமான அந்தச் சரிவில் ஒன்பது மஞ்சள் பொட்டுகள் மின்னின.

"அம்மா, இத்தனை நாள் இந்தச் சாமிகளைக் கண்டுக்காம ஓடிட்டேன். அதான் காலைப் பிடிச்சிட்டு. இது எந்தெந்தச் சாமி? பேரைச் சொல்லுங்க, மன்னிப்புக் கேக்கணும்."

 தாயம்மை இரண்டு கைகளையும் பாறையில் ஊன்றி, இடது காலை நீட்டியபடி மெல்ல உட்கார்ந்தார். உட்காரும்போது பல்லைக் கடித்தார். தினமும் குரு வந்ததுமே கீழே ஓடிய இசக்கியப்பன், அவர் உட்காருவதைக் கவனித்ததே இல்லை.

"உங்களுக்குமா அம்மா?"

"இருபத்திரண்டு வருசமா."

"அப்ப அந்தக் கல்லெல்லாம்..."

"முதல் தடவை ஏறும்போது இந்த முட்டி ஒன்பது இடத்துல என்னை நிறுத்திச்சு. நின்ன இடத்துல எல்லாம் ஒரு கல்லை நட்டேன்."

இசக்கியப்பன் குருவின் காலைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். கை கூப்பினார்; கூப்பிய கை இறங்கவே இல்லை.

"அந்த மாத்திரை?" என்று கேட்டார்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாப்பிடுங்க. உங்க கால் எங்க நின்னுச்சு?"

"நாலாவது கல்லுக்கும் அஞ்சாவது கல்லுக்கும் நடுவுல."

தாயம்மை மிச்சமிருந்த மஞ்சளை அவர் கையில் வைத்தார்.

"இறங்கும்போது நல்ல கல்லா ஒண்ணு பாருங்க."