எடிட்டரைக் கெடுத்த ஈரத்துணி

எங்கள் கல்லூரிக் கணினி அறைக்குத் தலைவராக இருந்தவர் கிருபாகரன். லினக்ஸ் கணினிகளில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் நினைப்பு. மூன்று நாள் உட்கார்ந்து, ஃபைல்களைத் திறந்து எழுதும் தன் எடிட்டர் மென்பொருளுக்கு நிறம் மாற்றினார். நாலாம் நாள் எந்த ஃபைலைத் திறந்தாலும் திரை முழுக்கக் கறுப்பு. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

உடனே முதல்வரை அழைத்துவந்து, அறையைத் துடைக்கும் மாசானம் அண்ணன்மேல் பாய்ந்தார். "ஈரத்துணியால துடைச்சு மெஷினையே கெடுத்துட்டான் சார்! இப்பவே சரிபண்ணணும், இல்லேன்னா வேலையை விட்டுப் போகணும்!"

வருகைப் பதிவு எழுத அண்ணனுக்கும் அதே மெஷினில் தனி லாகின் உண்டு. அண்ணன் மெஷினில் கிருபாகரன் பெயரிலிருந்து வெளியே வந்து, தன் பெயரில் உள்ளே போனார். அதே எடிட்டரில் வருகைப் பதிவைத் திறந்தார். வெள்ளைத் திரையில் எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது.

"ஏன் சார், என் துணி உங்க பேரைத் தேடிப் பார்த்தா நனைச்சிருக்கு?"

முதல்வர் சிரித்துவிட்டார். "யோவ் கிருபா, பின்னணியும் கறுப்பு, எழுத்தும் கறுப்பு வச்சிருக்கீரு. மாத்தும்."

மாற்றலாமென்று கிருபாகரன் தன் பெயரில் உள்ளே போய், நிறங்களைக் குறித்துவைத்த செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தார். அதுவும் அதே எடிட்டரில் கறுப்பாகவே திறந்தது.

அந்த வாரம் முழுக்க அந்த மகா நிபுணர் மாசானம் அண்ணன் பெயரில்தான் வேலை பார்த்தார்.