பூட்டுன பட்டறையும் பதினெட்டு சதவீத வளர்ச்சியும்

ஒரு வழக்கு சொல்றேன். கேட்டுட்டு நைசா எந்திரிச்சுப் போற வேலையெல்லாம் வேணாம், தீர்ப்பு சொல்லிட்டுத்தான் போகணும்.

மெட்ராஸ்ல தில்லைநாயகம்னு ஒருத்தர். நாடு வருசத்துக்கு எவ்வளவு சம்பாதிக்குதுன்னு எழுதுற ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம். பேச ஆரம்பிச்சா முதல்ல கண்ணாடி நெத்திக்கு ஏறும். அப்புறம் "க்ஹும்". அப்புறம், "தோராயமாச் சொல்றதா இருந்தா..." சம்சாரம் கோமதி சாம்பார்ல உப்பு சரியான்னு கேட்டாக்கூட அதே தோராயம்தான்! ஆனா நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை. ஆபீஸ் பேனாவுல சொந்த லெட்டர் எழுத மாட்டாரு.

சின்ன வயசுல அவரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பேரும் பதவியும் வந்ததே அதுலதான். பெரிய பேக்டரி விவரமெல்லாம் தானா ஆபீசுக்கு வந்துரும். சின்னப் பட்டறை லட்சம் இருக்கு, எவன் போயி எண்ணுறது? அதனால, பெரிசு எவ்வளவு வளருதோ சின்னதும் அவ்வளவு வளருதுன்னு எழுதிக்கோ. முடிஞ்சுது சோலி.

சாத்தூர் பக்கம் ஒரு ஊரு. கோமதியோட தம்பி ஐயாத்துரை அங்க தீப்பெட்டிப் பட்டறை வெச்சிருந்தாரு. எல்லாம் கைவேலை. பக்கத்துலயே பெரிய மிஷின் பேக்டரி வந்துச்சு. நூறு பேரு செய்யிறதை ஒரு மிஷின் செய்யுது. ஊர்ல ஒவ்வொரு பட்டறையா பூட்டு விழுந்துச்சு, ஐயாத்துரையும் பூட்டுனாரு.

அந்த வருசம் பெரிய பேக்டரிங்க பதினெட்டு சதவீதம் வளர்ந்துச்சு. அப்ப நம்மாளு வழிப்படி, பூட்டிக் கெடக்குற பட்டறையும் பதினெட்டு சதவீதம் வளர்ந்துச்சு! பூட்டு வளர்ந்துச்சோ என்னமோ.

சிரிக்காதீங்க. எந்தத் தொழில் விழுந்துருச்சுன்னு அந்த ஆபீஸ் புஸ்தகத்துல வருதோ, அந்தப் பட்டறைக்காரங்களுக்குத்தான் பாதி விலையில மிஷின்னு அரசாங்கம் சொல்லியிருந்துச்சு.

தில்லைநாயகத்துக்குக் கீழ மெகருன்னிசான்னு ஒரு ஆபீசர். அந்தப் பொண்ணுக்கு இந்தப் பதினெட்டு மேல சந்தேகம். லீவு போட்டு, அந்தச் சாத்தூர் பக்கத்து ஊருக்கே பஸ் ஏறி, தெருத்தெருவா நடந்து எண்ணிட்டு வந்துச்சு. அறுபத்து மூணு பட்டறையில நாப்பத்தொண்ணு பூட்டு.

"சார், இது வளரல சார். செத்துப்போச்சு."

கண்ணாடி நெத்திக்கு ஏறுச்சு. "க்ஹும். பக்கத்து ஊரெல்லாம்?"

"அங்கயும் போனேன் சார். அதே கதிதான்."

மனுஷன் அந்தக் கணக்கை வாங்கி வரிவரியாப் பாத்தாரு. தன்னோட வழியைத் தானே அடிச்சுட்டு, 'விழுந்துச்சு'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு.

மறுநாள் விடிஞ்சதும் வீட்டு வாசல்ல ஐயாத்துரை. கையில காராச்சேவுப் பொட்டலம்.

"அத்தான், எனக்குன்னு எதையும் மாத்தி எழுத வேணாம். உள்ளதை எழுதுங்க, போதும். மிஷின் வந்தா பட்டறையைத் திறந்துருவேன்."

"மாப்ள, நீ வராமயே இருந்திருக்கலாம்."

"ஏன் அத்தான், காராச்சேவு காரமா இருக்கா?"

அவரு அதைத் தொடவே இல்ல. நேரா ஆபீசுக்குப் போயி, 'விழுந்துச்சு'வை அடிச்சுட்டுப் பழையபடி பதினெட்டைப் போட்டாரு.

"நேத்து சரின்னீங்களே சார்!"

"நேத்து என் மச்சினன் வீட்டுக்கு வரலையேம்மா. வீட்டு ஆளுக்கு மிஷின் வாங்கிக் குடுக்க முறையையே மாத்திட்டான்னு நாளைக்குப் பேசுவாங்க. முப்பத்தோரு வருசப் பேரு."

புஸ்தகம் வந்துச்சு. மிஷின் வரல. ஐயாத்துரை அதே பெரிய பேக்டரி கேட்டுல வாட்ச்மேனாச் சேர்ந்துட்டாரு. அந்தச் சம்பளமும் பேக்டரி வளர்ச்சியிலதான் சேருது. ஆக, முதலாளி வாட்ச்மேன் ஆனதுல, அவரு பூட்டுன பட்டறை அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் வளர்ந்துருச்சு.

"வீடு தேடி வந்து ஐயாத்துரைதான் காரியத்தைக் கெடுத்தான்"ங்கிறாங்க சில பேரு. "முறையை மீறி எண்ணப் போனது அந்தப் பொண்ணு தப்பு"ங்கிறாங்க சில பேரு. "சொந்தக்காரனுக்கு வளைஞ்சு குடுக்காத தில்லைநாயகம்தான் மனுஷன்"னு இன்னொரு கூட்டம்.

நீங்க சொல்லுங்க, இதுல யாரு செஞ்சது தப்பு?

விடை: மெகருன்னிசா கண்ணால கண்டதைச் சொல்லுச்சு. ஐயாத்துரை உள்ளதை எழுதச் சொன்னாரு. தப்பு தில்லைநாயகத்து மேலதான். மச்சினனுக்காக எழுதுனான்னு பேரு வந்துரக் கூடாதுன்னு பயந்தவரு, 'விழுந்துச்சு'வை அடிச்சதும் மச்சினனை மட்டுமே நெனச்சுத்தான். அந்த ஊர்ல மட்டும் பூட்டு விழுந்தது நாப்பத்தொரு பட்டறை. மிச்ச நாப்பது பேருக்கு அந்த ஆபீஸ்ல அத்தான் யாரும் இல்ல.