தாவணகெரே பஸ் ஸ்டாண்டில் லவுஞ்ச்

“ப்ளைட்டுன்னு சொன்னாலே வாயைப் பிளக்கிறாரு அந்தப் போர்வைக்காரரு. இன்னைக்குக் கையெழுத்து வாங்கிடுவேன்.”

படியில் யாரோ போனில் சொன்னது செம்மலரின் காதில் விழுந்தது. கரூரில் குழந்தைவேலுவின் போர்வைக் கம்பெனிக்கு ஒரே குமாஸ்தா அவள்தான்.

சற்று நேரத்தில் அதே குரல் முதலாளியின் எதிரே உட்கார்ந்திருந்தது. வங்கி அதிகாரியாம். கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை மேஜையில் விரித்தார்.

“பயணம் போகப் போக பாயிண்ட் சேரும் சார். சேர்ந்தா ப்ளைட் டிக்கெட் இலவசம். ஏர்போர்ட் லவுஞ்சில சாப்பாடும் இலவசம். இதுக்கு முன்னாடி வருஷக் கட்டணமெல்லாம் தூசு. ஒரே ஒரு குறை சொல்லுங்க, எழுந்து போயிடறேன்.”

குழந்தைவேலு பேனாவைத் திறந்தார்.

“ஒரு சந்தேகமுங்க சார்,” என்றாள் செம்மலர். “தாவணகெரே பஸ் ஸ்டாண்டுல அந்த லவுஞ்ச் எந்தப் பக்கமுங்க?”

“பஸ் ஸ்டாண்டா? இது விமானத்துல போறவங்களுக்கும்மா. பஸ்ஸுக்கெல்லாம் பாயிண்ட் கிடையாது.”

“தாவணகெரே மாதிரி முதலாளி போர்வை விக்கப் போற ஊரு எதுலயும் ப்ளைட் இறங்காதுங்களே. ராத்திரி பஸ்ஸுலயே தூங்கிக்குவாரு, லாட்ஜ் செலவுகூட இல்லீங்க. அப்புறம் பாயிண்ட் எப்படிங்க சேரும்?”

பக்கத்தில் போர்வைகளைக் கட்டிக்கொண்டிருந்த பேக்கிங் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி விண்ணப்பத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். குழந்தைவேலுவும் சிரித்தார். ஆனால், பேனாவை மூட அவருக்கு நேரம் பிடித்தது. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று செம்மலருக்குத் தோன்றியது.

“மேகத்தை ஒருக்கா மேல இருந்து பாக்கலாம்னு இருந்தேன் கண்ணு,” என்றார். “செரி, நாளைக்குத் தாவணகெரேக்கு டிக்கெட் போட்டுரு.”

செம்மலர் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்துப் போட்டாள்.