செண்பகவல்லி கேட்ட கடிதம்

மறுநாள் காலை கணவனுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. காப்பீட்டு அனுமதிக்காக நான்காவது நாளாக வந்து நின்றாள், பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் செண்பகவல்லி.

காப்பீட்டு அலுவலக டாக்டர் பரசுராமன் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: "இவ்வளவு பெரிய கல் ஒரு வருஷத்துல வளராதும்மா. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய். அனுமதி கிடையாது."

"பாலிசி தரும்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தீங்களே சார்?"

"ஆமா. ஒண்ணும் இல்லைன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப இருந்த கல்லை நீங்க கவனிக்காம விட்டுட்டதா எழுதிக் கொடுங்க சார். உங்க பெரிய ஆபீஸ்ல நானே காட்டிக்கிறேன்."

பரசுராமன் பழைய ஸ்கேன் அறிக்கையைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, நோய் புதிதாக வந்ததுதான் என்று எழுதி அனுமதிச் சீட்டில் முத்திரை குத்தினார்.

"இதுக்குத்தான் நாலு நாளா நடக்க விட்டீங்களா?" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.