முன்வரிசை சோபா

இசக்கியம்மாளின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்து இறங்கினார் பேராசிரியர் திருவேங்கடம். அவர் தலையாட்டினால்தான் பட்டம். பூத்துவாலை விரித்த சோபா ஒன்றை அவருக்கென்றே முன்வரிசையில் போட்டிருந்தார்கள். அதில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"கபடிப் போட்டியில யார் எங்க உக்கார்றாங்கன்னு பார்த்தாலே ஊர்ல யார் மேல, யார் கீழன்னு தெரிஞ்சிடும்னு எழுதியிருக்கே. விளையாட்டுன்னு வந்துட்டா எல்லாரும் சமம்மா. காலியா இருக்கிற இடத்துல உக்கார்றான், அவ்வளவுதான். இல்லேன்னா இப்பவே, இந்த ஹால்லயே நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா ஆய்வேட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

இசக்கியின் நெறியாளருக்கு வியர்த்து ஊற்றியது. இசக்கியோ பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். கடைசி பெஞ்சில டீ கொண்டு வந்த மாயாண்டி அண்ணன் பக்கத்துல இடம் காலியா இருக்கு. ஐயா அங்க போய் உக்காந்துக்கிட்டு, அண்ணனைச் சோபாவுக்கு அனுப்புங்க. நான் இப்பவே கிளம்பிடுறேன்."

மாயாண்டி பதறி எழுந்து நின்றுவிட்டார். பேராசிரியர் அசையவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

"எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?"

"இருக்குங்கய்யா. கபடித் திடல்ல சோபாவை விட்டு எந்திரிக்கச் சொன்னப்ப எங்க ஊர்த் தலைவரும் இதையேதான் கேட்டாரு. ஆய்வேட்டில போட்டிருக்கேன்."

ஹாலே சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. அதன்பின் பேராசிரியர் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார், சோபாவை விட்டு எழுந்திருக்காமலே.